ஐஸ் பெட்டியின் வாடை யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாசி மாதத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் நாற்பது பேருடன் சாத்தனூருக்குச் சுற்றுலா சென்றிருந்தேன். பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று படுத்துக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் அது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். ஆனால் நான் இங்கு எழுத வந்தது கல்மரத்தைப் பற்றியல்ல. அன்று நாங்கள் கொண்டுபோன ஐஸ் பெட்டியைப் பற்றி.

அம்மாவட்டத்து வெயிலைப் பற்றி அங்குள்ள பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாசியிலேயே மண் சுடும். தர்பூசணித் துண்டுகளையும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளையும் குளிர்ச்சியாக எடுத்துச் செல்ல ஒரு பெட்டி தேவைப்பட்டது. சந்தையில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். கெட்டியான பிளாஸ்டிக் சுவர், இறுக்கமான மூடி, நீர் வடிய அடியில் ஒரு திருகுமூடி. நல்ல உறுதியான நீலப் பெட்டி. "கழுவித்தான் சார் வச்சிருக்கேன். ஆனா வாடை போவாது" என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நான் அறிவியல் ஆசிரியனாயிற்றே! "அத நான் பாத்துக்கறேம்மா" என்று சொல்லி வாங்கி வந்தேன்.

அன்று மாலை பெட்டிக்குள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். பிறகு பினாயில் விட்டுத் தேய்த்தேன். அதன் மேல் கொஞ்சம் முகப்பவுடரும் தூவித் துடைத்தேன். தூசி விழாமல் இருக்க மூடியை இறுக மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். இந்த நான்கு வாக்கியங்களிலும் தவறு இருக்கிறது. எங்கே என்று பிறகு பார்ப்போம்.

மறுநாள் நண்பகலில், கல்மரத்துக்குப் பக்கத்து மரநிழலில் மூடியைத் திறந்தோம். மீனும் பினாயிலும் பவுடரும் கலந்து, மூன்றுமே அல்லாத ஒரு புது வாடை எழுந்தது. "சார், தர்பூசணி மீனாயிடுச்சு!" என்று ஒரு பையன் கத்தினான். ஒருவரும் வாயில் வைக்கவில்லை. (பினாயில் பட்ட பெட்டி. வைக்காமல் போனதே நல்லது. அன்று எங்களைக் காப்பாற்றியது என் அறிவியல் அன்று, பிள்ளைகளின் மூக்கு.) அப்போது இன்னொருவன் சொன்னான்: "மீன்காரம்மா பொட்டி வேற எப்புடிடா இருக்கும்?" கூட்டம் சிரித்தது. சிரிக்காத பெண் ஒருத்தியும் அதில் இருந்தாள். அவள் வீட்டில் என்ன தொழில் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பையன் கெட்டவன் அல்லன். ஊரில் எல்லாரும் நினைப்பதைத்தான் அவன் சொன்னான். மீன் விற்பவர், அவர் கூடை, அவர் பெட்டி எல்லாம் நாறத்தான் செய்யும், அது அவர்களோடு பிறந்தது என்பது பலருடைய எண்ணம். 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய வயதான பெண் ஒருவரை, நாற்றம் வீசுகிறது என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது. பணியாளர்கள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். தண்டனை சரிதான். ஆனால் அந்த நாற்றம் யாருடையது என்ற கேள்வியை அன்று யாரும் வேதியியலிடம் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் பதில் எளிது. அது மனிதருடையது அன்று. ஒரு சேர்மத்தினுடையது.

கடல் மீனின் தசையில் டிரைமெத்தில் அமீன் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. கடல்நீரின் உப்பையும் ஆழத்தின் அழுத்தத்தையும் சமாளிக்க அது மீனுக்கு உதவுகிறது. அதற்கு வாடை கிடையாது. ஆகவேதான் வலையிலிருந்து எடுத்த புது மீன் நாறுவதில்லை. மீன் இறந்த பிறகு அதன் தோலிலும் செவுளிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவை இந்த ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து எடுத்துவிடுகின்றன. மிஞ்சுவது டிரைமெத்தில் அமீன். இதுதான் நாம் 'கவிச்சி' என்று சொல்லும் வாடையின் முதல் குற்றவாளி. இது சுமார் 3 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். அரியலூரின் நண்பகலில் அது எவ்வளவு விரைவாகக் காற்றில் பரவும் என்று எண்ணிப் பாருங்கள். காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

ஏரி, குளத்து மீன்களான கெண்டை, கட்லா போன்றவற்றில் அந்த ஆக்சைடு மிகக் குறைவு. அவற்றில் வீசும் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருள். முதல் மழையில் எழும் மண் மணத்துக்கும் அதே ஜியோஸ்மின் ஒரு காரணம்! மழையில் வந்தால் மணம், மீனில் வந்தால் நாற்றம். மூக்குக்கும் மனத்துக்கும் உள்ள உறவு அப்படி.

பெரம்பலூரும் அரியலூரும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். ஒரு காலத்தில் அங்குக் கடல் இருந்தது. அதன் சாட்சியாக அம்மோனைட்டு என்னும் சுருள் ஓட்டு உயிரிகளின் புதைபடிவங்களும் சுண்ணாம்புக் கல்லும் மண்ணுக்குள் கிடக்கின்றன. கடல் விலகிப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று கடல் அந்த ஊர்களுக்கு ஐஸ் பெட்டியில்தான் வருகிறது. கடலூர், நாகப்பட்டினம் பக்கத்துத் துறைகளிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்து, சந்தைக்கு வந்து, அங்கிருந்து மொபெட்டின் பின்னால் ஏறிச் சிற்றூர்த் தெருக்களுக்கும் போகிறது. துறைமுக ஊரில் மீன் சில மணி நேரத்தில் விற்றுவிடும். உள்நாட்டில் அது பெட்டிக்குள் நாள் முழுதும் கிடக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பெட்டி சுத்தமா என்ற கேள்வி, குளச்சலைவிடக் குன்னத்திலும் செந்துறையிலும் முக்கியமானது.

சரி, மீன் விற்றுத் தீர்ந்த பிறகும் பெட்டி ஏன் நாறுகிறது? "பிளாஸ்டிக்கில் வாடை ஊறிப்போய்விட்டது" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. பெட்டியின் உட்சுவர் பாலிஎத்திலீனால் ஆனது. தண்ணீரை அது உறிஞ்சாது. ஆனால் எண்ணெய்த் தன்மை உள்ள பொருள்கள் அதற்குச் சொந்தக்காரர்களைப் போல. மீன் கொழுப்பும் அதில் கரைந்த வாடைப் பொருள்களும் மெல்ல அதற்குள் நுழைந்துவிடும். சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகி, எத்தனை கழுவினாலும் போகாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதைதான்.

ஆனால் மீதிப் பாதி வேறு இடத்தில் இருக்கிறது. ஐஸ் உடைக்கும் சுத்தியலும் செதில் கத்தியும் உட்சுவரில் கீறிய கோடுகளைப் பாருங்கள். அந்தக் கோடுகளுக்குள் மீனின் வழவழப்பும் இரத்தமும் படிந்து, அதன்மேல் பாக்டீரியாக்கள் ஒரு மெல்லிய படலமாகக் குடியேறுகின்றன. மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைப் பிரித்துப் பாருங்கள். அடியில் உள்ள திருகுமூடியைக் கழற்றி, அதன் மரையையும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பெட்டியின் சுவரைப் பளபளவென்று தேய்த்து வைத்திருப்பவரும் இந்த மூடியைக் கழற்றியிருக்க மாட்டார். நான் இரவல் வாங்கிய பெட்டியில் பிற்பாடு அதைக் கழற்றியபோது, விரல் நுனி அளவு கறுப்புச் சேறு வந்தது. வாடையில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதாவது, பெட்டி நாறியது விதியால் அன்று; ஒரு மூடியைக் கழற்றாததால்.

இப்போது என் தவறுகளுக்கு வருகிறேன். முட்டையை வெந்நீரில் போட்டால் வெள்ளைக்கரு கட்டியாகிறது. மீனின் வழவழப்பும் இரத்தமும் புரதங்களே. கொதிநீர் பட்டதும் அவையும் கெட்டியாகிக் கீறல்களுக்குள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். அழுக்கு போன பிறகு, சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கும்போது, கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும். பினாயிலும் பவுடரும் செய்தது இன்னொரு வகைக் கெடுதல். வாடையைப் போக்காமல் வாடைக்கு மேல் வாடை போர்த்தின. அந்த மணப்பொருள்களும் எண்ணெய்த் தன்மை உடையவை. பிளாஸ்டிக்குக்குள் அவையும் நுழைந்துகொண்டன. உணவு வைக்கும் பெட்டிக்குப் பினாயில் ஒருபோதும் ஆகாது. கடைசியாக, ஈரப் பெட்டியை இறுக மூடினேன். ஈரம், இருட்டு, வெதுவெதுப்பு, மிச்சம் மீதி உணவு: பாக்டீரியாக்களுக்கு இரவு முழுதும் விருந்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

இதே போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். கிராம சுகாதார செவிலியர் புதன்கிழமைகளில் தோளில் மாட்டிக்கொண்டு வரும் தடுப்பூசிப் பெட்டி அது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் அந்தச் சிறு பெட்டியை நம்பித்தான் சிற்றூர் வரை வருகிறது. அதன் சுவர்களை ஒட்டி நான்கு பனிப்பொதிகள், நடுவே மருந்துக் குப்பிகள். 2 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, 8 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது. சுவரில் வெடிப்பு உண்டா, மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் காலி செய்து, சுத்தம் செய்து, ஈரம் போக உலர்த்தி வைக்க வேண்டும். வேறு எந்தப் பொருளையும் அதில் வைக்கக் கூடாது. இவை விதிகள், அவற்றைப் பின்பற்ற ஆளும் இருக்கிறார், இடமும் இருக்கிறது, தண்ணீர்க் குழாயும் இருக்கிறது.

இரண்டு பெட்டிகளுக்கும் பொருள் ஒன்று. இயற்பியல் ஒன்று. வெளிச்சுவருக்கும் உட்சுவருக்கும் இடையே நுரையைப் போன்ற பாலியூரித்தேன். அதன் கோடிக்கணக்கான குமிழ்களில் அடைபட்ட வாயு வெப்பத்தைத் தடுக்கிறது. (1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் வந்தபோதும் இதே தத்துவம்தான் பயன்பட்டது. அன்று நுரைக்குப் பதில் மரத்தூளும் வைக்கோலும். சென்னைக் கடற்கரையில் அந்த ஐசைச் சேமிக்க 1842இல் எழுந்த 'ஐஸ் ஹவுஸ்' இன்றும் நிற்கிறது.) ஒரு பெட்டிக்கு நாம் மரியாதை தருகிறோம், மற்றொன்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். இரண்டிலும் இருப்பது பிள்ளைகளின் உடம்புக்குள் போகும் பொருள்தான். மீன் பெட்டிக்கும் தடுப்பூசிப் பெட்டியின் ஒழுங்கு வேண்டும், அந்த ஒழுங்குக்குத் தேவையான வசதியும் வேண்டும் என்பதே என் கருத்து.

"அன்றாடம் ஐந்நூறு, ஆயிரத்துக்கு மீன் விற்பவரால் இதெல்லாம் ஆகுமா?" என்று கேட்பீர்கள். ஆகும். சொல்லப்போனால் லாபமே. கணக்குப் போடுவோம். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் தேவை. 10 கிலோ ஐஸ் உருகும்போது 8 லட்சம் கலோரியை விழுங்குகிறது. 20 டிகிரியில் உள்ள 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. ஐஸ் வாங்குவது என்றால் இந்த வெப்பத்தை விழுங்கும் ஆற்றலைக் காசு கொடுத்து வாங்குவதுதான். உட்சுவரில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டால், உருகிய நீர் அதன் வழியே நுரைக்குள் நுழைகிறது. நுரையைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த சுவர் வழியே வெயில் உள்ளே வரும். வாங்கிய ஐஸ் வழியிலேயே உருகும். அதே வெடிப்புக்குள் மீன் நீர் அழுகிக் கிளப்பும் வாடை எந்தக் கழுவலுக்கும் போகாது. நன்றாகக் கழுவிய பின்னும் ஒரு பெட்டி விடாமல் நாறினால், அதன் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும், தூக்கிப் பார்க்க வேண்டும். முன்பைவிடக் கனத்தால் அது தண்ணீர் குடித்திருக்கிறது. அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுப்பதே சிக்கனம். தெர்மோகோல் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணி மணியாக ஒட்டிய அதன் இடுக்குகளைக் கழுவ யாராலும் முடியாது.

கழுவும் முறையில் மாணவர்கள் அறிய வேண்டிய வேதியியல் ஒன்று உண்டு. டிரைமெத்தில் அமீன் ஒரு காரம். அதை அமிலத்தோடு சேர்த்தால் உப்பாகிவிடும். உப்பு காற்றில் பறக்காது. ஆகவே வாடை அடங்கும். நம் வீட்டு மீன் குழம்பில் புளி ஊற்றுவது ருசிக்கு மட்டுமல்ல. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் கவிச்சியைக் கட்டிப்போடுகிறது. (மண்வாடை தரும் ஜியோஸ்மினும் அமிலத்தில் சிதைந்து வாடை இழக்கும்.) ஆகவே சோப்பால் தேய்த்து அலசிய பெட்டிக்குள் புளித்தண்ணீரையோ, நீர் கலந்த வினிகரையோ அரை மணி நேரம் நிறுத்தி வைக்கலாம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசையா? மீன் கழுவிய தண்ணீரைச் சிறிது ஒரு மூடிபோட்ட பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைச் சாறு விட்டுக் குலுக்கி மறுபடி முகருங்கள். வாடை வெகுவாகக் குறைந்திருக்கும். இப்போது வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை நீரில் கரைத்து, கண்ணில் தெறிக்காமல், அமிலம் தீரும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். போன வாடை திரும்பி வந்துவிடும்! அமிலம் அமீனை அழிக்கவில்லை, கட்டித்தான் வைத்திருந்தது. காரம் வந்து கட்டை அவிழ்த்துவிட்டது. ஆகவே புளித்தண்ணீரை ஊற்றியதோடு வேலை முடியாது. கட்டிய உப்பை நல்ல நீரில் அலசி வெளியேற்ற வேண்டும்.

'எல்லா வாடைக்கும் சமையல் சோடா' என்று சொல்பவர்கள் உண்டு. பாதிதான் சரி. பால், தயிர் வைத்த பெட்டியின் புளித்த வாடை அமிலங்களால் வருவது. அங்கே காரமான சோடா நன்றாக வேலை செய்யும். மீன் பெட்டியின் அமீனுக்கு அதே சோடா உதவாது. வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுவோரும் உண்டு. நுரை பொங்குவதைப் பார்த்து ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று எண்ணுகிறார்கள். நடப்பது என்ன? அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. கரியமில வாயு போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு பேரைச் சண்டைக்கு விட்டுவிட்டு, வீட்டு வேலை ஆகவில்லையே என்று வருந்துவது போல.

கிருமி நீக்கத்துக்குப் பிளீச்சிங் பவுடர் மலிவானது. நீர்த்த சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி இதைச் செய்கிறார்கள். அரியலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் சுண்ணாம்புக் கல் என்றால் சிமெண்ட் ஆலையை மட்டும் நினைக்கிறார்கள். சலவைத் தூளான பிளீச்சிங் பவுடருக்கும், சால்வே முறையில் தயாராகும் சமையல் சோடாவுக்கும் அதே வகைக் கல்தான் ஆரம்பம். அதில் பயன்படும் குளோரின் கால் பங்கு என்று கொண்டால், 10 லிட்டர் தண்ணீருக்கு 8 கிராம் தூள் போதும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். தூள் அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் பெட்டிக்குள் பத்து நிமிடம் வைத்து அலசிவிட வேண்டும். அழுக்கு நீங்காத பெட்டியில் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு சேர்ந்தே தீர்ந்துபோகும்; கிருமிக்கு மிஞ்சாது.

இங்கே நான் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். புளித்தண்ணீர், வினிகர், கழிப்பறை கழுவும் ஆசிட் எதுவானாலும் சரி. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். மூடிய அறையானால் உயிருக்கே ஆபத்து. புளி ஒரு நாள் என்றால் பிளீச்சிங் இன்னொரு நாள் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் உடன் இருக்க, திறந்த வெளியில் செய்யுங்கள்.

கழுவிய பெட்டிக்குக் கடைசி மருந்து காற்று. அடியில் உள்ள மூடியைக் கழற்றி, மேல் மூடியை மலர்த்தி, பெட்டியைச் சாய்த்து வைத்து வெயில் காட்ட வேண்டும். வெப்பம் பட்டால் பிளாஸ்டிக்குக்குள் நுழைந்த வாடைப் பொருள்கள் மெல்ல வெளியேறுகின்றன. உலர்ந்த சுவரில் பாக்டீரியாக்கள் பெருக முடிவதில்லை. இரவில் மூட வேண்டுமானால் ஒரு குச்சியை இடையில் வைத்து விரல் அகலம் திறந்திருக்கச் செய்யலாம். கரித்துண்டுகளை ஒரு துணியில் கட்டி உள்ளே வைத்தால் மிச்ச வாடையைக் கரியின் நுண்துளைகள் பிடித்துக்கொள்ளும்.

பெட்டி மணக்கவில்லை என்பதாலேயே மீன் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சூரை, அயிலை போன்ற மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். நாற்றம் தெரியும் முன்பே அது போதிய அளவுக்குச் சேர்ந்துவிடலாம், சமைத்தாலும் போகாது. 2018இல் கேரளத்துச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன்கள் பிடிபட்டன. அவை கெட்டுப்போனதை நாற்றம் காட்டிக்கொடுக்காமல் இருக்கச் செய்த வேலை அது. வாடையை மறைப்பதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இப்போது புரியும். பவுடர் தூவிய நானும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்தேன்.

மூக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒரே வாடையில் சில நிமிடம் இருந்தால் அதை உணர்வது குறைந்துவிடும். நாள் முழுதும் மீனோடு இருப்பவருக்குத் தம் பெட்டியின் வாடை தெரியாமல் போவது அலட்சியம் அன்று. எல்லார் மூக்கும் அப்படித்தான். நல்ல காற்றிலிருந்து வரும் வேறொருவர்தான் முகர்ந்து சொல்ல வேண்டும்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கழுவறேன் சார். எங்க கழுவறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் உட்காரும் இடத்தில் குழாய் இல்லை. நீர் வடியச் சாய்வான தளம் இல்லை. கழுவிய நீரைத் தெருவில் விட்டால் சண்டை. ஒரு குடத் தண்ணீரை வைத்துக்கொண்டு மீனையும் கழுவி, பலகையையும் கழுவி, மிஞ்சியதில் பெட்டியை அலசிவிட்டு, மூடி வண்டியில் கட்டிக்கொண்டு போகிறார். காய வைக்க வெயில் இருக்கிறது, இடம் இல்லை.

மீன் விற்கும் சந்தை ஒவ்வொன்றிலும் இரண்டு குழாய், ஒரு சாய்தளம், மூடிய வடிகால், பெட்டிகளைக் கவிழ்த்து வைக்க ஒரு மேடை இருக்க வேண்டும். சிமெண்ட் விளையும் மாவட்டத்தில் பத்தடி சிமெண்ட் தளம் கேட்பது பேராசை ஆகாது. நல்ல குடிநீரில் செய்த ஐசும் கிடைக்க வேண்டும். அழுக்கு நீரில் உறைந்த ஐஸ் எவ்வளவு சுத்தமான பெட்டியையும் முதல் நாளே கெடுத்துவிடும். உங்கள் பள்ளியில் அறிவியல் மன்றம் இருந்தால், ஒரு சந்தை நாளில் போய் அங்கே எத்தனை குழாய், எத்தனை மீன் பெட்டி என்று எண்ணி எழுதுங்கள். அந்த எண்களோடு பேரூராட்சிக்கோ ஊராட்சிக்கோ ஒரு மனு கொடுங்கள். எண்ணோடு போகும் மனுவைக் கிடப்பில் போடுவது கொஞ்சம் கடினம்.

அடுத்த ஆண்டு காரைப் பகுதியின் செம்மண் ஓடைகளில் புதைபடிவம் பார்க்கப் போனபோதும் அதே அம்மாவின் பெட்டியைத்தான் வாங்கிப் போனோம். மூன்று நாள் முன்னதாகவே வாங்கி, பள்ளித் திண்ணையில் வைத்து, மாணவர்களே கழுவினார்கள். பச்சைத் தண்ணீர், சோப்பு, புளி, அலசல், ஒரு நாள் விட்டுப் பிளீச்சிங், பிறகு மைதானத்து வெயில். அடியில் உள்ள திருகுமூடியைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் மரையைத் தேய்த்தவள், முன்பு சிரிக்காமல் நின்ற அந்தப் பெண். முகர்ந்து பார்க்கும் வேலையைத் 'தர்பூசணி மீனாயிடுச்சு' என்று கத்தியவனுக்குக் கொடுத்தோம். அவன் தலையை உள்ளே விட்டு நெடுநேரம் முகர்ந்தான். "கொஞ்சம் வெயில் வாடை அடிக்குது சார்" என்றான்.